முடிஞ்ச பிறகுதான் படிப்பேன்

வாங்கம்மா, உக்காருங்க. அங்க வேணாம், ஜன்னல் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். இப்படி வாங்க. காப்பி போட வராது எனக்கு. மோர் இருக்கு, தரவா? வேணாமா? சரி, அப்புறமா குடிங்க.

உங்க மூக்கு அப்படியே உங்கப்பா மூக்கு. நேர்ல நான் அவரைப் பார்த்ததில்ல. புத்தகத்துப் பின்னட்டையில போட்டிருப்பாங்களே, கன்னத்துல கை வச்சுக்கிட்டு, அந்தப் படத்தைத்தான் அம்பது வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன். எழுத்தாளர் கூத்தரசனோட மக நம்ம வீடு தேடி வருவாங்கன்னு அந்தக் காலத்துல யாராவது சொல்லியிருந்தா வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருப்பேன். இப்ப எழுபத்தெட்டு ஆச்சு. சுவத்தைப் பார்க்காதீங்க.

நீங்க வந்த வேலை தெரியும். போன்லயே சொல்லிட்டீங்க. அப்பா எழுதினது எல்லாத்தையும் சேர்த்து முழுத் தொகுப்பா கொண்டு வரப் போறீங்க. எல்லாம் கிடைச்சிருச்சு, 'ஈரத் தலையணை' மட்டும் கிடைக்கல. வாரப் பத்திரிகையில தொடரா வந்ததோட சரி, புத்தகமா வரல. அந்தப் பத்திரிகையையும் இழுத்து மூடிட்டாங்க. எங்க தேடியும் இல்ல, திருச்சியில அருணகிரின்னு ஒரு ஆள்கிட்ட பைண்ட் பண்ணி இருக்கும்னு தெரிஞ்சு வந்திருக்கீங்க. இருக்கு. இல்லேன்னு சொல்லல. குடுக்கறதா வேணாமான்னுதான் ஒரு வாரமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

முதல்ல மனசுல உள்ளதைச் சொல்லிடறேன், கோவிச்சுக்கக் கூடாது. உங்கப்பா மொத்தம் இருபத்தோரு நாவல் எழுதினாரு. அதுல மூணுதான் நாவல். 'மூன்றாவது மதகு', 'புழுதி மாதம்', 'தலைக்கடைசி வீடு'. மிச்சம் பதினெட்டையும் அவர் எழுதாமலே இருந்திருக்கலாம். அப்பா செத்த பிறகு மகள்கிட்ட இப்படிச் சொல்றானேன்னு நினைக்காதீங்க. அவர் உயிரோட இருக்கறப்ப அவர்கிட்டயே சொன்னவன் நான். ஒவ்வொண்ணு வந்தப்பவும் நாலு பக்கம், அஞ்சு பக்கம் கடுதாசி எழுதுவேன். எந்த இடத்துல தொய்வு, எந்தப் பாத்திரம் ஒட்டல, எல்லாம் பக்கம் போட்டு எழுதுவேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஸ்டோர்ஸ் கிளார்க்கா இருந்தவன் பாருங்க, எதையும் பக்கம் போட்டுச் சொன்னாத்தான் எனக்குத் திருப்தி. கடுதாசியைப் போஸ்ட் பண்றது என் சம்சாரம். மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்பிடுவேன். உங்க வீட்டு விலாசம் எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது, அத்தனை தடவை எழுதியிருக்கா.

'மூன்றாவது மதகு' நான் இருபத்துநாலு வயசுல படிச்சேன். ரயில்வே இன்ஸ்டிட்யூட் லைப்ரரியில எடுத்தது, திருப்பிக் குடுக்கவே இல்ல, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி ஃபைன் கட்டினேன். எங்கப்பா லால்குடி பக்கம் வாய்க்கால் மதகுல காவல் இருந்தவரு. வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டாரு. வாசல்ல நின்னு கால் கழுவுவாரு பாருங்க, கழுவிக்கிட்டே இருப்பாரு. சேறெல்லாம் போன பிறகும் கழுவுவாரு. உங்கப்பா நாவல்ல ஒரு ஆளு அப்படியே கழுவறான். ஏன்னா உள்ள போய் பொண்டாட்டி பிள்ளைங்ககிட்ட என்ன பேசறதுன்னு அவனுக்குத் தெரியல. அதை நாலே வரியில எழுதியிருப்பாரு. எங்கப்பா செத்து ஆறு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான்மா நான் அவருக்காக அழுதேன். இப்படி எழுதின கை அது. அந்தக் கை எண்பதுகள்ல மாத நாவல் எழுதப் போச்சு. 'வானவில்லே வாசல் திற'. தலைப்பு நினைவிருக்கா? அட்டையில ஒரு பொண்ணு, ஒரு மோட்டார் சைக்கிள். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா, பெத்த அப்பன் குடிச்சுட்டு நடுரோட்டுல கிடக்கறதைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

உங்களை எல்லாம் படிக்க வைக்கத்தான் எழுதினாருங்கறீங்க. இருக்கலாம். நான் தப்புன்னு சொல்லல.

ஆனா ஒண்ணு, வாங்காம இருந்ததில்ல. ஒண்ணு விடாம வாங்குவேன். வீட்டுக்கு வர்றவங்க அட்டையைப் பார்த்துடக் கூடாதுன்னு காலண்டர் தாள்ல உறை போட்டு வைப்பேன். படிக்கறப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிப்பேன். எங்கயாவது ஒரு பாரா வரும், எப்பேர்ப்பட்ட குப்பையிலயும் ஒரு பாரா வரும். ஒரு கண்டக்டர் சில்லறை இல்லாம தவிக்கறது, ஒரு கிழவி ரேஷன் கடை வரிசையில செருப்பை விட்டு இடம் பிடிக்கறது. அங்க பழைய கூத்தரசன் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவாரு. பென்சிலால கோடு போட்டு வச்சிருக்கேன். பதினெட்டு புத்தகத்துலயும் சேர்த்தா ஒரு முப்பது பக்கம் தேறும். நீங்க தொகுப்பு போடறீங்களே, அந்த முப்பது பக்கத்தைத் தனியா போட்டீங்கன்னா நாலாவதா ஒரு நல்ல புத்தகம் கிடைக்கும். போட மாட்டீங்க. சரி.

மங்கை எனக்கு நேர்மாறு. 'மூன்றாவது மதகு' அவளால நாப்பது பக்கம் தாண்ட முடியல. "என்னங்க இது, ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து தண்ணியைப் பத்தியே பேசிக்கிட்டிருக்காங்க"ன்னா. மாத நாவல்னா அடுப்புல சோறு கொதிக்க விட்டுட்டுப் படிப்பா. கண்ணு கலங்கி உக்காந்திருப்பா. "உனக்கு அழறதுக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்கு எங்க ஆளு பேனாவைப் பிடிக்கணும்"னு கேலி பண்ணுவேன். சிரிச்சுக்குவா. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டுல ரெண்டு பேரு, நடுவுல உங்கப்பா.

தொடர்கதை விஷயத்துல எனக்கு ஒரு பழக்கம். வாரா வாரம் படிக்க மாட்டேன். ஒரு நாவல்னா அது ஒரு முழு உடம்பு, வாரம் ஒரு துண்டா வெட்டித் தின்னா அதோட ருசி தெரியுமா? முடியட்டும்னு காத்திருப்பேன். மங்கை வாரா வாரம் படிச்சுட்டு, அந்தப் பக்கங்களை மட்டும் வெட்டி எடுப்பா. இடது ஓரம் ஒரு அங்குலம் விட்டு வெட்டணும், பைண்டிங்குக்கு. மூலையில பென்சிலால வாரத்து எண்ணு போட்டு, கோணி ஊசியால தைச்சுத் தைச்சு அடுக்கி வைப்பா. கதை முடிஞ்சதும் பாலக்கரை கமாலுதீன் பாய்கிட்ட குடுத்து காலிகோ அட்டை போட்டு வாங்குவேன். அப்புறம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு உக்காந்தேன்னா ஒரே மூச்சு. அது வரைக்கும் வீட்டுல கதையைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. இது சட்டம். ஒரு தடவை அவ வாய் தவறி ஒரு முடிவைச் சொல்லிட்டான்னு பத்து நாள் அவகூடப் பேசாம இருந்திருக்கேன்.

'ஈரத் தலையணை' தொண்ணூத்தொண்ணு தை மாசம் ஆரம்பிச்சுது. அந்த வருஷத்தைத்தான் நான் சொல்ல வர்றேன்.

அஞ்சாவது வாரமோ ஆறாவது வாரமோ, நான் ஆபீஸ்லேர்ந்து வர்றேன், மங்கை அடுப்பு பத்த வைக்காம பத்திரிகையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. "என்னங்க, இந்த ஒரு வாரம் மட்டும் படிச்சுப் பாருங்களேன்"னா. "முடியட்டும்"னேன். "ரெண்டே பக்கம்ங்க"ன்னா. "மங்கை, என் பழக்கம் உனக்குத் தெரியுமில்ல"ன்னுட்டு நான் கால் கழுவப் போயிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் டிபன் பையில வச்சு விட்டுட்டா. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல திறக்கறேன், தயிர்சாதத்துக்கு மேல பக்கத்தை விரிச்சு வச்சிருக்கா. ஒரு எழுத்துப் படிக்கலம்மா நான். கண்ணை வேற பக்கம் வச்சுக்கிட்டு, விரலாலயே தடவி மடிச்சுத் திருப்பிக் கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு சவேரியார் கூட கேட்டாரு, என்னய்யா லவ் லெட்டரான்னு. வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன், எண்ணெய்க்கறை ஆயிருச்சே, பைண்டிங்குல அசிங்கமா தெரியுமேன்னு. அந்தக் கறை இப்பவும் இருக்கு, காட்டறேன்.

பங்குனி மாசம்னு நினைக்கறேன். சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். பக்கத்துல உக்காந்தா. "அந்தக் கதையில வர்ற சுமித்ராவுக்கு..."ன்னு ஆரம்பிச்சா. எச்சில் கையோட காதைப் பொத்திக்கிட்டேன். "மங்கை! கதையைச் சொல்லாதே!"ன்னு கத்தினேன். "கதை இல்லைங்க"ன்னா. "பின்ன என்ன?"ன்னேன். ரசக் கரண்டியை எடுத்தா. "ஒண்ணுமில்ல, ரசம் ஊத்தவா?"ன்னா.

அதுக்கு மேல அவ கேக்கல. நானும் நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்.

நான் அவளைக் கவனிக்காதவன்னு நீங்க நினைச்சுடக் கூடாது. கொல்லையில துணிக்கொடி உயரமா இருக்கு, கை தூக்கினா வலிக்குது, இறக்கிக் கட்டுங்கன்னா. அன்னைக்கே ஆபீஸ்லேர்ந்து ஆணி கொண்டு வந்து இறக்கிக் கட்டினேன். அன்னைக்கேம்மா. ராத்திரி தூக்கம் வரலைன்னா, அமிர்தாஞ்சனம் வாங்கிக் குடுத்தேன். கிணத்துல தண்ணி சேந்தறதுக்கு ஆள் போட்டேன். என்ன வலி, ஏது வலின்னு கேட்டிருக்கணும்னு இப்ப சொல்லலாம். அவ சொன்னாத்தானே தெரியும்?

இதுக்கு நடுவுல வைகாசியில உங்கப்பாகிட்டேர்ந்து எனக்கு ஒரு கார்டு வந்துச்சு. இருபது வருஷத்துல முதல் தடவை! வாசல்லயே நின்னு படிச்சேன். அதுக்கு முந்தின மாசம்தான் அவரோட மாத நாவல் ஒண்ணை அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சு ஆறு பக்கம் எழுதியிருந்தேன். பதில் சொல்லியிருப்பாரு, சண்டை போட்டிருப்பாருன்னு பார்த்தா ரெண்டு வரி. "தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் துணைவியார் உடல்நலம் எவ்வாறு உள்ளது? அவர்களிடம் கேட்டுப் பார்க்கவும்." அவ்வளவுதான். ஆறு பக்கத்துக்கு ஒரு வார்த்தை பதில் இல்ல. மழுப்பிட்டாருன்னு எனக்குக் கோவம். மங்கைகிட்ட காட்டி, "பாரு, பதில் சொல்ல முடியாம பொண்டாட்டி சுகமான்னு கேக்கறாரு"ன்னு சிரிச்சேன். அவ அந்தக் கார்டை ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டிருந்தா. அப்புறம், "கேட்டிருக்காருல்ல, பதில் எழுதுங்க"ன்னா. "நலம்னு எழுதிட்டேன்"னேன்.

ஆடி மாசக் கடைசியில சமையல்கட்டுல விழுந்துட்டா. ரவிக்கை ஒரு பக்கம் ரத்தமா நனைஞ்சிருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவுல கொண்டு போனேன். லேடி டாக்டர் திரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்து, "எத்தனை மாசமா இந்தக் கட்டி?"ன்னு கேட்டாங்க. "போன கார்த்திகைலேர்ந்து"ன்னு மங்கை உள்ளேர்ந்து சொன்னா. ஒம்போது மாசம். டாக்டர் அவளை ஒண்ணும் கேக்கல. என்னைத்தான் பார்த்தாங்க. "நீங்க அவங்க வீட்டுக்காரர்தானே?"ன்னாங்க. "ஆமா"ன்னேன். வேற என்ன சொல்றது?

கதையும் அதே சமயத்துல முடிஞ்சுது. முப்பத்தோரு வாரம். கடைசி ரெண்டு வாரத்தை ஆஸ்பத்திரிக் கட்டில்லயே கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வெட்டிக் குடுத்தா. கமாலுதீன் பாய் பைண்ட் பண்ண மூணு வாரம் எடுத்துக்கிட்டாரு. புரட்டாசியில காலிகோ அட்டையோட வந்துச்சு. ஆஸ்பத்திரியில பகல் பூரா என்ன வேலை எனக்கு? கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு ரெண்டு நாள்ல படிச்சு முடிச்சேன்.

சுமித்ரான்னு ஒருத்தி. மார்ல ஒரு கட்டி. புருஷன்கிட்ட சொல்ல முடியல. புருஷன் ரகுபதி கடிகாரப் பைத்தியம். பழைய கடிகாரம் வாங்கிப் பிரிச்சு மாட்டறதுதான் அவன் உலகம். இவ பேச வந்தா, "இந்தக் கடிகாரம் ஓடட்டும், அப்புறம் பேசலாம்"ங்கறான். நான் கேக்கறேன், உலகத்துல இப்படி ஒரு புருஷன் இருப்பானாம்மா? பாத்திரப் படைப்பே தப்பு. அப்புறம் தோழி ஒருத்தி. வாரா வாரம் வந்து "அவரிடம் சொல், டாக்டரிடம் போ"ங்கறா. ஏழாவது வாரம் சொல்றா, எட்டாவது வாரம் சொல்றா, பதினஞ்சுல சொல்றா, இருபதுல சொல்றா. படிக்கறவனைப் பார்த்துக் கத்தற மாதிரி இருக்கு. கூறியது கூறல்னா இதான். இழு இழுன்னு இழுத்துட்டு, கடைசி வாரத்துல திடுதிப்புனு அவன் தெரிஞ்சுக்கறான், ஓடறான், ஆபரேஷன், பிழைச்சுக்கறா, சுபம். இதுக்குப் பேரு நாவலா?

மூடி வச்சேன். மங்கை என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. "முடிச்சுட்டீங்களா?"ன்னா. "முடிச்சுட்டேன்." "எப்படி இருக்கு?"ன்னா.

"சுமார்"னேன்.

நான் பொய் சொல்லலம்மா. உண்மையைத்தான் சொன்னேன். நடுவுல தொய்வு, முடிவு அவசரம், அந்த ரகுபதி நம்பற மாதிரி இல்லன்னு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். உனக்கு வந்த வியாதியே அவளுக்கும் வந்திருக்கு பாரு, என்ன தற்செயல்னு கூட சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கொஞ்சம் கழிச்சுத் தண்ணி கேட்டா, குடுத்தேன்.

மறுநாள், "கடைசி அத்தியாயத்தை மட்டும் சத்தமாப் படிங்க"ன்னா. "அதுதான் இருக்கறதுலயே மட்டம். 'மூன்றாவது மதகு' கொண்டாந்து படிக்கறேன்"னேன். "வேணாம், இதைப் படிங்க"ன்னா. சாகக் கிடக்கறவ கேக்கறா, படிச்சேன். அடுத்த நாளும் அதையே கேட்டா. அதுக்கு அடுத்த நாளும். பதினெட்டு நாள், மத்தியானம் கஞ்சி குடிச்ச பிறகு, அதே அத்தியாயம். பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் கேப்பாங்க. நான் நடுநடுவுல நிறுத்தி, "இந்த வாக்கியத்தைப் பாரு, எவ்வளவு அசடு"ம்பேன். "நீங்க படிங்க"ம்பா. அதுல ரகுபதி பேசற இடம் வந்தா கண்ணைத் திறந்து என் வாயையே பார்ப்பா. அவளோட ரசனையே அப்படி, அழுகாச்சின்னா உசிருன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஐப்பசி ஏழாம் தேதி போயிட்டா.

காரியமெல்லாம் முடிஞ்சு பதினேழாம் நாள் உக்காந்து உங்கப்பாவுக்குக் கடுதாசி எழுதினேன். கடைசிக் கடுதாசி. 'ஈரத் தலையணை' முடிவு பொய்னு எழுதினேன். ஒம்போது மாசம் மறைச்ச கட்டியோட எந்தப் பொண்ணும் பிழைக்க மாட்டா, என் மனைவி இதே நோயில் இன்ன தேதியில் இறந்தாள், ஆதாரத்தோடு சொல்கிறேன், வாசகனை ஏமாற்றாதீர்கள்னு எழுதினேன். நானே போய்ப் பெட்டியில போட்டேன். அதுக்கு அப்புறம் அவரு எழுதவே இல்ல பாருங்க. ஒரு சிறுகதை கூட வரல. என் விமர்சனம்தான் அவரை நிறுத்தினதுன்னு முப்பத்து மூணு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

போன வாரம்தான் நீங்க போன் பண்ணினீங்க.

பதினோரு கடுதாசி. அப்பாவோட ட்ரங்குப் பெட்டியில இருந்துச்சுன்னு சொன்னீங்க. அனுப்பினது மங்கையர்க்கரசி அருணகிரி, பொன்மலை. எனக்கு அவ பதினோரு வரி எழுதினதில்லம்மா. ஒரே வீட்டுல இருக்கறவளுக்கு எதுக்குக் கடுதாசின்னு நானும் நினைச்சதில்ல. முதல் கடுதாசியில அவ எழுதினதை நீங்க போன்ல படிச்சுக் காட்டினீங்க. "என் வீட்டுக்காரருக்கு நேராக எழுதிவிடாதீர்கள் ஐயா, சங்கடப்படுவார். நான் சொன்னால் அவர் காதில் விழாது. நீங்கள் ஒரு கதையில் எழுதினால் கட்டாயம் படிப்பார். உங்கள் எழுத்து ஒன்றைத்தான் அவர் கவனிப்பார்."

அதுக்காக ஒரு மனுஷன் தொடர்கதை எழுதுவாராம்மா? ஒரே ஒரு ஆளு படிக்கறதுக்காக முப்பத்தோரு வாரமா? எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமே! ஆமா, போட்டாரு. போட்டாரு. ஆனா விளக்கமா எழுதியிருக்கலாமில்ல? "உன் பொண்டாட்டிக்கு மார்ல கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடா முட்டாள்"னு ஒரு வரி எழுதியிருந்தா என்ன? அவ வேணாம்னா விட்டுடறதா? எழுத்தாளனாச்சே, அந்த அளவு கூடவா தெரியாது? எனக்கு உங்கப்பா மேல ரொம்பக் கோவம். இதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்.

அந்தத் தோழி வாரா வாரம் வந்து கத்தினாளே, ஏன்னு இப்ப புரியுது. இன்னும் படிக்கலை, இன்னும் படிக்கலைன்னு இவ எழுத எழுத, அவரு அங்க கதையை நீட்டிக்கிட்டே போயிருக்காரு. இந்த வாரமாவது படிப்பான்னு. நான் முடிஞ்ச பிறகுதான் படிக்கறவன்கறதை இவ கடைசிக் கடுதாசியிலதான் எழுதியிருக்கா. புருஷனை விட்டுக் குடுக்க மாட்டா பாருங்க, அதை ஒரு குறையா எழுத மனசு வரல. "தயவு செய்து சீக்கிரம் முடித்துவிடுங்கள் ஐயா"ன்னு எழுதியிருக்கா. அவரும் ரெண்டே வாரத்துல முடிச்சுட்டாரு. நான் முடிவு அவசரம்னு எழுதினேன்.

அந்தக் கவர்ல கொண்டு வந்திருக்கறது அதானே? பையிலயே வச்சுக்குங்க. மேஜையில வைக்காதீங்கம்மா. அது உங்கப்பாவுக்கு எழுதினது, எனக்கு எழுதினது இல்ல. பதினொண்ணுலயும் என் மேல ஒரு கோவம் கூட இல்லைங்கறீங்க. ரெண்டு வசவு இருந்திருந்தா வாங்கிப் படிச்சிருப்பேன். இல்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு.

சரி, புத்தகம். இந்தாங்க. முப்பதாவது வாரம் வரைக்கும் இருக்கு, எண்ணிக்குங்க. முப்பத்தொண்ணு இல்ல. அவ போன மறுநாள் கிழிச்சு வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். இந்த மட்டமான அத்தியாயம் உலகத்துல இருக்க வேணாம், கூத்தரசன் பேருக்கே கேடுன்னு போட்டேன். அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்.

பயப்படாதீங்க, தொகுப்பு குறைப்பட்டுப் போகாது. பேனா இருக்கா? நான் சொல்றேன், எழுதிக்குங்க. பதினெட்டு நாள் படிச்சது. 'மூன்றாவது மதகு'ல எனக்கு நாலு வரிதான் மனப்பாடம், இது முழுசும் மனப்பாடம். நல்லா இல்லாத இடத்தைத் திருத்திடாதீங்க. ஒரு புள்ளி மாத்தக் கூடாது. எழுதுங்க.

"மாலையில் வீட்டுக்கு வந்த ரகுபதி, கடிகாரச் சாவிக்கு அடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கண்டான். அது அவள் அன்று காலையில் எழுதி வைத்தது. பிரித்தான். படித்தான். சுவரில் இருந்த பன்னிரண்டு கடிகாரங்களும் ஒரே கணத்தில் நின்றுவிட்டாற்போல் இருந்தது அவனுக்கு."

பன்னிரண்டு கடிகாரம் எப்படிம்மா ஒரே கணத்துல நிக்கும்? சரி, எழுதுங்க.

"'சுமித்ரா!' என்று அலறினான்." ஆச்சரியக்குறி மூணு இருக்கும், மூணும் போடுங்க. "ஓடிச் சென்று அவள் அருகே அமர்ந்தான். 'ஏன் என்னிடம் சொல்லவில்லை?' 'சொல்லத்தான் வந்தேன். நீங்கள் மும்முரமாக இருந்தீர்கள்.' 'இனி இருக்க மாட்டேன். சொல், சுமித்ரா. எல்லாவற்றையும் சொல். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் கேட்கிறேன்.'"

இந்த இடத்துலதான் கண்ணைத் திறப்பா.

எழுதிட்டீங்களா? இருங்க, ஒரு நிமிஷம். மோர் எடுத்துட்டு வரேன். இல்ல, எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீங்க உக்காருங்க. எவ்வளவு மோசமா எழுதியிருக்காரு பாருங்க. ஒரு வரி தேறாது. அந்த ரகுபதி, கடிகாரப் பைத்தியம், பாத்திரப் படைப்பே தப்புன்னு சொன்னேனில்ல? காலையில எழுதி வச்சதை அவன் அன்னைக்குச் சாயங்காலமே படிச்சுட்டாம்மா.